வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலேயர்களின் குடும்பப்பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர், டெய்லர் என்றால் தையல்காரர் என்று மளமளவென்று சொல்லிவிடுவோம். வாக்கர் என்று வரும்போது மட்டும் "நடக்கிறவர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நடப்பது ஒரு தொழிலா, அதை ஏன் ஒருவருக்குப் பெயராக வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆங்கிலக் குடும்பப்பெயர்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதானே பொருள்?

இல்லை. வாக்கர் என்பது கம்பளித் துணியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தும் தொழிலாளியின் பெயர். "சரி, துணிமேல் நடந்தார், அதனால் வாக்கர், அப்படித்தானே?" என்று உடனே கேட்பார்கள். அதுவும் பாதிதான் சரி.

பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. உருட்டு, புரட்டு, அலைக்கழி என்பதுதான் அதன் பொருள். துணியைத் தண்ணீரில் போட்டு உருட்டிப் புரட்டிப் பிசைகிறவரை 'வெயல்கெரெ' என்றார்கள், அதுவே வாக்கர் ஆனது. காலால் நடந்து போவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஏறியது பிறகு, ஏறத்தாழ 1200களில். அதாவது வாக் என்றால் நட என்று ஆவதற்கு முன்பே துணி மிதிப்பவருக்கு அந்தப் பெயர் இருந்தது. உருள்வது, அலைவது, ஊர் ஊராகத் திரிவது, கடைசியில் நடப்பது என்று சொல்லின் பொருள் மெல்ல நகர்ந்துபோக, குடும்பப்பெயர் மட்டும் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'வால்கன்' என்றால் துணியைப் பிசைந்து கெட்டிப்படுத்துவதுதான், நடப்பது இல்லை.

துணியை எதற்காக மிதிக்க வேண்டும்?

பருத்தி நெசவை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாது, ஏனென்றால் பருத்திக்கு இந்த வேலை தேவையே இல்லை. தறியிலிருந்து இறக்கியதும் வேட்டி வேட்டிதான். கம்பளி அப்படியில்லை. ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், திரும்பப் பிரியாது.

இதை நான் என் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊட்டியில் வாங்கிய அசல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை, மற்ற துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் வெந்நீரில் ஓடவிட்டுவிட்டார்கள். வெளியே எடுத்தபோது ஆறு வயதுப் பிள்ளைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் தடித்துப்போய், பின்னல் கண்களே தெரியாமல், பழைய போர்வைத் துண்டு மாதிரி இருந்தது. விரலால் இழுத்தால் நீளவில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் ஊடுருவவில்லை. இங்கிலாந்தில் வாக்கர்கள் வேண்டுமென்றே செய்தது இதைத்தான். தறியிலிருந்து வந்த கம்பளித் துணி சாக்கு மாதிரி கண் கண்ணாக, தொளதொளவென்று இருக்கும். அதை மிதித்து மிதித்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடச் சுருங்க வைத்தால்தான் குளிர்காற்றும் மழைச்சாரலும் உள்ளே நுழையாத துணி கிடைக்கும். இங்கிலாந்தின் குளிருக்கு அது இல்லாமல் முடியாது.

அந்த வேலை எப்படி நடந்தது?

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே மெழுகு மாதிரி கொழுப்பு உண்டு, நூற்கும்போது வழவழப்புக்காக எண்ணெயும் வெண்ணெயும் வேறு தடவியிருப்பார்கள். இதைப் போக்க அந்தக் காலத்தில் கிடைத்த மலிவான மருந்து புளித்துப்போன சிறுநீர். சில நாள் வைத்திருந்தால் அதில் அம்மோனியா உண்டாகும், அம்மோனியா கொழுப்பைக் கரைக்கும். வீடு வீடாகப் போய்ப் பானைகளில் சேகரிப்பார்கள். அதை ஊற்றிய தொட்டியில் துணியைப் போட்டு, வெறும் காலோடு இறங்கி, மணிக்கணக்காக மிதிப்பார்கள். இரண்டு மூன்று பேர் ஒரே தொட்டியில் நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதிப்பதும் உண்டு.

அப்புறம் ஒருவகைக் களிமண். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் மண் அது. அதைக் குழைத்துத் துணியில் போட்டு மறுபடி மிதி, பிறகு ஓடும் தண்ணீரில் அலசு, மறுபடி மிதி. மண் முழுவதும் போகும்வரை அலச வேண்டும் என்பதால்தான் இந்தத் தொழிற்கூடங்கள் எப்போதும் ஆற்றோரத்திலேயே இருந்தன.

அலசிய துணியை அப்படியே காயவிட்டால் கோணல்மாணலாகச் சுருங்கும். அதனால் வெட்டவெளியில் நீளமான மரச்சட்டங்களை நட்டு, மேலும் கீழும் கொக்கிகளில் துணியின் ஓரங்களை மாட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். காஞ்சிபுரத்துத் தெருக்களில் பாவு நீட்டிக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் மனதில் வரும். ஒரு வயல் முழுக்க வெள்ளைத் துணி நாண் மாதிரி இழுபட்டு நிற்கும். என்ன நடக்குமோ என்று பதைப்போடு காத்திருக்கும் ஒருவரை ஆங்கிலத்தில் 'டென்டர்ஹூக்ஸ்' மேல் இருக்கிறார் என்பார்களே, அந்த டென்டர்ஹூக் இந்தக் கொக்கிதான். லண்டனிலும் வேறு ஊர்களிலும் டென்டர் என்று தொடங்கும் தெருப்பெயர்கள் இன்னும் இருக்கின்றன, எல்லாம் ஒரு காலத்தில் துணி காய்ந்த இடங்கள்.

காய்ந்த பிறகு ஒருவகை முட்செடியின் காய்ந்த பூத்தலையால் துணியைச் சீவி ரோமத்தை எழுப்புவார்கள், எழும்பிய ரோமத்தைப் பெரிய கத்தரியால் சீராக நறுக்குவார்கள். அந்தக் கத்தரிக்காரரின் பெயர்தான் ஷெர்மன்.

ரோமாபுரியிலும் இதே மாதிரி இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். அங்கே இந்தத் தொழிலாளிக்கு 'ஃபுல்லோ' என்று பெயர். எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரத்தில் அவர்களுடைய தொட்டிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பேரரசர் வெஸ்பாசியன் நகரத்தில் சேரும் சிறுநீருக்கு வரி போட்டார், மகன் முகம் சுளித்தபோது ஒரு காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தச் சிறுநீரை விலை கொடுத்து வாங்கியவர்களில் இந்த ஃபுல்லோக்களும் உண்டு.

தமிழில் இந்தத் தொழிலுக்கு என்ன பெயர்?

நேரான பெயர் கிடையாது, தொழிலே இல்லாதபோது பெயர் எப்படி வரும். ஆங்கில பைபிளில் ஃபுல்லர் என்று வரும் இடங்களில் தமிழ் பைபிள் 'வண்ணான்' என்றும் 'வண்ணார்துறை' என்றும் போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு வழியில்லை, படிக்கிறவர்களுக்கும் படம் புரிகிறது. ஆனால் வண்ணார் வெளுப்பது உடுத்தி அழுக்கான துணியை. வாக்கரின் கைக்கு வருவது யாருமே உடுத்தாத, தறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய துணி. இந்த வித்தியாசம் முக்கியம். அவருடைய வேலை வெளுப்பது இல்லை, துணியைத் துணியாக்குவது.

ஒரு பொருள் மட்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று பெயர், அதாவது துணி மிதிப்பவரின் மண். முகத்தில் பூசிக்கொள்ள நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறோமே முல்தானி மட்டி, அது இந்த வகை மண்தான். முகத்து எண்ணெயை எடுப்பதும் ஆட்டு ரோமத்து எண்ணெயை எடுப்பதும் அதற்கு ஒன்றுதான். இங்கிலாந்தில் சர்ரி மாவட்டத்து நட்ஃபீல்டில் இதை வெட்டியெடுத்தார்கள், வெளிநாட்டு நெசவாளிகளின் கைக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு காலத்தில் ஏற்றுமதிக்கே தடை இருந்தது.

ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களும் இதே தொழிலிலிருந்து வந்தவையா?

அதே தொழில்தான், மூன்று பெயர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இந்தத் தொழிலாளியை வாக்கர் என்றார்கள். தென்கிழக்கில், அதாவது கென்ட், சசெக்ஸ், எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் பக்கம் ஃபுல்லர் என்றார்கள், லத்தீன் ஃபுல்லோதான் அது. தென்மேற்கில் டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் போனால் டக்கர். ஒரே வேலை, ஒரே நாற்றம், ஒரே கால்வலி, ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் சொல் வேறு. நம் ஊரில் ஒரே காய்க்கு மதுரையில் ஒரு பெயரும் நாகர்கோவிலில் ஒரு பெயரும் இருப்பது மாதிரிதான்.

பேச்சு வழக்குகள் காலப்போக்கில் கலந்து மாறிப்போகும். ஆனால் குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, இந்த மூன்று பெயர்க்காரர்களும் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால், இடைக்காலத்து வட்டார வழக்கு அப்படியே எழும்பி வருகிறது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் வாக்கர் குவிந்து கிடக்கிறது, டெவனில் டக்கர், சசெக்ஸ் பக்கம் ஃபுல்லர். ரயில் வந்து, தொழிற்சாலைகள் வந்து, மக்கள் இடம்பெயர்ந்த பிறகும் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு மொழியின் எல்லைக்கோடு அழியாமல் தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத, தொட்டியில் நின்று மிதித்த ஆட்கள் என்ன சொல் பேசினார்கள் என்பதற்கு வேறு எந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சாட்சி சொல்லாது.

டக்கர் என்ற சொல்லின் வேரையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'டூகியன்' என்றால் வதைப்பது, துன்புறுத்துவது. அதிலிருந்து துணியை வதைப்பவர் டக்கர். நாம் இதையே தலைகீழாகச் செய்கிறோம், துணிக்கான சொல்லை ஆளுக்குப் போட்டு "அடித்துத் துவைத்துவிட்டான்" என்கிறோம். டெவன் மாவட்டத்தின் தலைநகரான எக்ஸிட்டரில் 'டக்கர்ஸ் ஹால்' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1471இல் நெசவாளர்கள், துணி மிதிப்பவர்கள், துணி கத்தரிப்பவர்கள் சேர்ந்த சங்கம் கட்டியது, இன்றும் அதே சங்கத்திடம்தான் இருக்கிறது.

வேல்ஸ் நாட்டு மொழியில் துணி மிதிக்கும் ஆலைக்கு 'பாண்டி' என்று பெயர். 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரம் நடந்த டோனிபாண்டி ஊர்ப்பெயரின் கடைசியில் இருப்பது இந்தப் பாண்டிதான், நம் பாண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இயந்திரம் வந்ததும் வாக்கர்களுக்கு வேலை போயிற்றா?

மிதிப்பது போயிற்று, பெயர் போகவில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் ஆலைகள் வந்துவிட்டன. சக்கரம் சுற்றச் சுற்ற கனமான மரச் சம்மட்டிகள் ஏறி ஏறித் தொட்டியில் விழுந்து துணியை இடிக்கும். டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவ வீரர் சபையின் சொத்துக் கணக்கு 1185இல் எழுதப்பட்டபோதே அதில் இப்படிப்பட்ட ஆலைகள் இடம்பெற்றிருக்கின்றன. கம்பளித் தொழிலில் மனிதக் காலுக்குப் பதிலாக இயந்திரம் வந்தது நீராவி இயந்திரத்துக்கு ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன்பே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

எல்லோரும் இதை விரும்பி ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆலை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலப்பிரபுக்களும் மடங்களும். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் மடாதிபதி, எல்லோரும் துணியைத் தன் ஆலைக்குத்தான் கொண்டுவர வேண்டும், வீட்டில் மிதிக்கக் கூடாது என்றார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வழக்காடினார்கள். 1274இல் ராணி எலினார் அந்த வழியாக வந்தபோது ஊர்ப் பெண்கள் கூடி அவரிடம் முறையிட்டதாகப் பதிவு இருக்கிறது. வழக்கில் வென்றது மடம்தான்.

இதற்குப் பிறகு வாக்கர் என்று அழைக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் ஆலையை நடத்தியவர்கள், காலால் மிதித்தவர்கள் இல்லை. இருந்தாலும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

தொழில் எப்போது குடும்பப்பெயர் ஆனது?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பெரிய நிலக்காரர்கள் முதலில் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களிடம் அது பரவ 1400 வரை ஆயிற்று. ஊரில் ஜான் என்ற பெயரில் பத்துப் பேர் இருந்தால் வரி எழுதுகிறவர் எந்த ஜான் என்று கேட்பார், துணி மிதிக்கிற ஜான் என்று பதில் வரும், அது ஏட்டில் ஏறும். 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி போட்டபோது எழுதிய ஏடுகள் இன்றும் இருக்கின்றன. மகன் வேறு தொழிலுக்குப் போன பிறகும் பெயர் மாறாமல் தொடர்ந்தால் அது குடும்பப்பெயர்.

அப்படியானால் இது நம் ஊர்ச் சாதிப்பெயர் மாதிரியா?

இல்லை, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாக்கரின் மகன் உழவனாகலாம், பாதிரியாராகலாம், பேக்கரின் மகளைக் கட்டலாம், பெயர் அதைத் தடுக்காது. இரண்டு மூன்று தலைமுறையில் பெயரின் பொருளே மறந்துபோயிற்று. அந்தப் பெயரை வைத்து யாரையும் ஆற்றின் எந்தப் பக்கம் குடியிரு, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடு என்று சொல்லவில்லை.

வாக்கர் என்றால் காட்டைச் சுற்றிவரும் காவலர் என்று ஓர் இணையதளத்தில் படித்தேனே?

அரசருக்குச் சொந்தமான காடுகளில் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சுற்றிவந்து பார்த்துக்கொள்ளும் ஆளை வாக்கர் என்று அழைத்தது உண்மைதான். ஆனால் குடும்பப்பெயருக்கு அது மூலம் என்று சொல்ல முடியாது. காவலர்களால் வந்திருந்தால் பெரிய காடுகள் இருந்த தெற்கு மாவட்டங்களிலும் பெயர் குவிந்திருக்க வேண்டும். குவிந்திருப்பதோ கம்பளி நெய்த வடக்கில். ஃபுல்லரும் டக்கரும் இருக்கும் இடத்தில் வாக்கர் குறைவு, வாக்கர் இருக்கும் இடத்தில் அவை குறைவு என்பதே போதுமான சாட்சி.

இன்னொரு சின்ன மூலம் உண்டு. நியூகாசில் நகரத்தில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள சதுப்பு நிலம் என்பதுதான் அந்த ஊர்ப்பெயரின் பொருள், துணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஊரிலிருந்து கிளம்பிப்போன சிலர் ஊர்ப்பெயரால் வாக்கர் ஆகியிருக்கலாம்.

ஸ்காட்லாந்திலும் நிறைய வாக்கர்கள் இருக்கிறார்களே?

அங்கேயும் இதே தொழில்தான். ஸ்காட்லாந்தில் இந்த வேலையையே 'வாக்கிங்' என்பார்கள், எழுத்து மட்டும் கொஞ்சம் வேறு. கேலிக் மொழி பேசிய மேற்குப் பகுதிகளில் 'துணி மிதிப்பவரின் மகன்' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்த குடும்பங்களும் ஆங்கிலத்துக்கு மாறும்போது வாக்கர் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில் இது 20ஆம் நூற்றாண்டு வரை பெண்களின் வேலையாக நீடித்தது. நீளமான பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியை எல்லோரும் ஒரே சமயத்தில் பலகையில் அடித்து அடித்துப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவார்கள். ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அடியின் தாளம்தான் பாட்டின் தாளம். நடவுப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் உடம்புக்குப் புரியும்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1853 வாக்கில் பதிவாளர் அலுவலகம் தயாரித்த பரவலான பெயர்களின் பட்டியலில் வாக்கருக்கு 18ஆவது இடம், ஏறத்தாழ 59,000 பேர். அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் 5,23,129 பேர், 31ஆவது இடம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவிலும் மிகவும் சாதாரணமான பெயர். ஒரு மைலை 3 நிமிடம் 50 வினாடிக்குள் முதன்முதலில் ஓடி முடித்தவர் நியூசிலாந்தின் ஜான் வாக்கர், 1975இல்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் இந்தப் பெயர் எப்படி வந்தது?

அங்குள்ள வாக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அடிமை முறை நடந்த காலத்தில் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டன. 1865இல் விடுதலை வந்தபோது ஏடுகளில் பதிய ஒரு குடும்பப்பெயர் தேவைப்பட்டது. பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் உண்டு, வேண்டுமென்றே அதைத் தவிர்த்து வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. ஆகவே ஒரு கறுப்பின வாக்கர் குடும்பத்தின் வேரைத் தேடி யார்க்ஷயருக்குப் போவதில் அர்த்தமில்லை. பெயரின் வரலாறு வேறு, அந்தக் குடும்பத்தின் வரலாறு வேறு.

இந்தப் பெயரைப் பெருமையாகச் சுமந்தவர்களும் அவர்களில் நிறைய. மேகி வாக்கர் 1903இல் ரிச்மண்ட் நகரத்தில் வங்கி தொடங்கினார், அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் வங்கி தொடங்கியது அதுவே முதல் முறை. கூந்தல் தைலம் விற்று மிகப் பெரிய தொழிலை உருவாக்கிய மேடம் சி. ஜே. வாக்கர் பிறந்தபோது சாரா பிரீட்லவ், வாக்கர் என்பது கணவர் வழியாக வந்தது.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெயரில் இருக்கும் டபிள்யூ என்ன?

வாக்கர்தான். அவருடைய அப்பா ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ்ஷுக்கு, தன் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயரை அப்படியே வைத்தார்கள். அந்தத் தாத்தா ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கரின் நினைவாகத்தான் கோல்ஃப் ஆட்டத்தில் வாக்கர் கோப்பை இருக்கிறது. அந்தத் தாத்தாவின் அப்பா செயின்ட் லூயிஸ் நகரத்தில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்தவர். தொட்டியில் மிதித்த முன்னோரின் பெயரோடு ஒருவர் மறுபடியும் துணிக்கே வந்து சேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் அதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் ஒருவர் நடந்து போகிறாரே?

ஜான் வாக்கர் என்பவர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் மளிகைக் கடை வைத்தவர். தொப்பியும் கைத்தடியுமாக எட்டு வைத்து நடக்கும் அந்த மனிதரை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் விளம்பரத்துக்காக வரைந்தார். பெயரின் பொருள் மறந்துபோய், எல்லோருக்கும் வாக்கர் என்றால் நடப்பவர் என்று ஆகிவிட்ட காலத்தின் படம் அது. உலகம் முழுக்க அந்தத் தவறான பொருளை நிலைநிறுத்தியதில் அந்த ஓவியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆங்கிலத்தில் எழுதும்போது எல் இருக்கிறது, சொல்லும்போது காணோமே?

முன்பு அதை உச்சரித்தார்கள். டாக் (பேச்சு), சாக் (சுண்ணக்கட்டி) போன்ற சொற்களிலும் இதேதான் நடந்தது, க் ஒலிக்கு முன்னால் வந்த ல் ஒலி மெல்லத் தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் மிச்சம். தமிழில் வாக்கர் என்று எழுதினால் போதும், வால்க்கர் வேண்டாம்.

வாக்கர் குடும்பச் சின்னம் என்று கேடயம் போட்டு விற்கிறார்களே, அது உண்மையா?

உண்மையில்லை. இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் சேராது. ஏதோ ஒரு வாக்கர் வாங்கிய சின்னத்தைக் கோப்பையில் அச்சடித்து எல்லா வாக்கர்களுக்கும் விற்கிறார்கள். காசைக் கொடுக்காதீர்கள். எல்லா வாக்கர்களும் ஒருவருக்கொருவர் உறவும் இல்லை, ஆறு ஓடிய ஒவ்வொரு ஊரிலும் துணி மிதித்தவர் ஒருவர் இருந்திருப்பார், ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு தனி வாக்கர் வம்சம் கிளம்பியிருக்கிறது.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள வாக்கர் யாராவது உண்டா?

ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கில்பர்ட் வாக்கர். 1868இல் லங்காஷயரின் ராச்டேல் ஊரில் பிறந்தவர். ராச்டேல் கம்பளித் துணிக்குப் பெயர்போன ஊர், வாக்கர் என்ற பெயர் மிகவும் அடர்த்தியாக இருந்த நிலப்பரப்பு. கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தார். பருவமழை ஏன் சில வருடம் பொய்த்துப்போகிறது என்று தேடப்போய், பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். எல் நினோ வருடங்களில் வானிலைச் செய்தியில் 'வாக்கர் சுழற்சி' என்று சொல்வது இவருடைய பெயரைத்தான்.

1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் நோட்டை, கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் எடுத்துக் காட்டினார். வாக்கர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் வாழ்க்கைக் கவலை இல்லாமல் சில வருடம் கணிதம் மட்டும் செய்ய வழிசெய்ய வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த வருடம் மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞன் ராமானுஜன்.